என்ஜின் நிறுத்திய இறக்கம்

“ஞாயிறு காலை 6 முதல் 10 வரை மாத்தளைப் பிரதான வீதி நடப்போருக்கும் சைக்கிள்காரருக்கும் மட்டும்.” எங்கள் ஊரான நாவுல பஸ் தரிப்பிடத்தில் ஒட்டியிருந்த அறிவித்தலை அப்படியே கொப்பியில் எழுதிக்கொண்டேன். திகதி இருந்த மூலையை மழை கரைத்திருந்தது. வரும் ஞாயிறுதான் என்று கடைக்காரர் சொன்னார்.

என் மனைவி சரோஜாவுக்கு வெளிச்சம் தெரியும், உருவம் தெரியாது. “மாத்தளையில நடுரோட்டுல ஒருதரம் தனியா நடந்து பாக்கணும்” என்று அவள்தான் கேட்டாள்.

காலை 7.05. பஸ் தடுப்புக்கு முன்பே இறக்கிவிட்டது. வீதி முழுக்க மனிதர்கள், சைக்கிள்கள். சரோஜா என் முழங்கையை இறுக்கிக்கொண்டாள்.

“என்னங்க, ஒரு வண்டிச் சத்தமும் கேக்கல. பயமா இருக்கு.”

“வண்டியே இல்லாதப்ப என்ன பயம்?”

“உங்களுக்குக் கண்ணு இருக்கு. எனக்குச் சத்தம்தான் ரோடு.”

7.42. இறக்கத்தின் அடியில் அவளாகவே என் கையை விட்டு நாலு எட்டு முன்னே போனாள். நேரத்தைக் கொப்பியில் குறிக்கக் குனிந்தேன். பின்னால் சைக்கிளில் வந்த பெண் அலறினாள்: “அக்கா, த்ரீவீல்! த்ரீவீல்!”

எந்தப் பக்கம் விலகுவதென்று தெரியாமல் சரோஜா நட்ட கம்பம்போல் நின்றாள். டயர் தேய்ந்த சத்தம். நிமிர்ந்தபோது முச்சக்கரவண்டி அவள் பக்கத்தில் நின்றிருந்தது.

பெற்றோல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் என்ஜினை நிறுத்தி உருளவிடுவது எங்கள் மலைப்பக்கத்து டிரைவர்களின் வழக்கம். இவர் பக்கத்து ஒழுங்கையிலிருந்து அப்படித்தான் இறங்கியிருக்கிறார்.

“என்ஜின் ஓடல்லயே அக்கா! ஓடாததும் வாகனமா?” என்றார், முகம் வெளிறி.

“ஓடியிருந்தா விலகியிருப்பேனே அண்ணா” என்றாள் சரோஜா. அந்தச் சைக்கிள் பெண் சிரிக்க முயன்று அழுதுவிட்டாள்.

நான் மன்னிப்புக் கேட்டேன். பத்து மணிவரை ஒரு கடை வாசலில் உட்கார்ந்திருந்தோம். தடுப்பை எடுத்தார்கள். முதல் பஸ்ஸின் ஹோர்ன் கேட்டதும் எழுந்தாள். லொறி, பஸ், மோட்டார்சைக்கிள் எல்லாவற்றுக்கும் காது கொடுத்து, சரியான இடைவெளியில், தனியாக வீதியைக் கடந்தாள். நான் அந்தப் பக்கம் போய்ச் சேர ஐந்து நிமிடம் பிடித்தது.

நாவுல பஸ்ஸில் கொப்பியைத் திறந்தேன். 7.42க்குப் பிறகு வெறுமை. சக்கரத்துக்கும் அவள் காலுக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது என்றார் டிரைவர். சேலையை உரசியது என்கிறாள் சரோஜா. நான் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆகவே அந்த இடைவெளி எவ்வளவு என்பது உறுதிசெய்யப்படவில்லை.