றெஜினா மிஸ்ஸின் கிழட்டு எலிகள்

செய்தி எங்கள் அலுவலக வைபர் குழுவில்தான் வந்தது. குழுவில் எது வந்தாலும் வாசிக்காமலே பெருவிரல் படத்தைப் போட்டுவிடுவது என் வழக்கம். அன்றும் போட்டுவிட்டேன். பக்கத்தில் இருந்து சாப்பிட்ட மகள் எட்டிப் பார்த்துக் கத்தினாள்: "அப்பா, றெஜினா மிஸ் மோசம் போயிட்டாவாம். செத்த செய்திக்கு நல்லது எண்டு போட்டிருக்கிறியள்!" அழிக்கவும் எனக்குத் தெரியவில்லை. அவள்தான் அழித்தாள். அதற்குள் பதினொரு பேர் பார்த்துவிட்டார்கள். அவர்களிடம் இங்கே மன்னிப்புக் கேட்கிறேன்.

மிஸ்ஸைத் தெரிந்தவர்களுக்கு என்னையும் தெரிந்திருக்கும். கிளிநொச்சியில் எங்கள் பல்கலைக்கழகப் பீடத்து ஆராய்ச்சி எலிக்கூடத்தைப் பார்க்கிறவன் நான். ஓலெவல் பரீட்சையில் விஞ்ஞானம் என்னை இரண்டு தடவை கைவிட்டது. மூன்றாந்தடவை நானே அதைக் கைவிட்டேன். அப்படிப்பட்டவனை ஒருநாள் கதிரை போட்டு இருத்தி, பீடத்து விரிவுரையாளரான மிஸ் தன் ஆராய்ச்சியை விளங்கப்படுத்தினார். முல்லைத்தீவுக் கடலில் தொழில் செய்தவரின் மகள் அவர்.

"எங்கட அப்பா சூடை மீனுக்கு ஒரு வலை, இறாலுக்கு ஒரு வலை எண்டு விதம்விதமா வைச்சிருந்தவர் அண்ணை. உடம்பும் அப்பிடித்தான். இரத்தத்தில கிருமியைப் பிடிக்கிற ரீ கலம் (T cell) எண்டு இருக்கு. ஒவ்வொண்டும் ஒவ்வொரு விதமான வலையோட திரியுது. எந்தக் கிருமி வரும் எண்டு ஆருக்குத் தெரியும்? அதாலதான் அவ்வளவு விதம்."

"அப்ப கிழட்டு எலி வேணும் எண்டியளே, அது ஏன் மிஸ்?"

"வயசு போகப் போக விதம் குறையும். பழகின கிருமியைப் பிடிக்கும். புதுசு வந்தா வலை இல்லை."

எவ்வளவு குறைகிறது, எந்த விதம் முதலில் போகிறது என்பதைத்தான் அவர் பார்க்க நினைத்தார். அதற்குக் கிழட்டு எலி வேண்டும். எங்களுக்கு அதை யார் தருவார்கள்? இரண்டு வருடம் வளர்க்கத்தான் வேண்டும். வளர்த்த இருபத்துநாலுக்கும் 'பென்சன்காரர்' என்று பெயர் வைத்தார். காலையில் வந்ததும், "பென்சன்காரர் சுகமோ அண்ணை?" என்பார். "ஓம் மிஸ், பென்சன் இல்லாத நான்தான் சுகமில்லை" என்பேன். அப்போது நான் தற்காலிக ஊழியன்.

இரண்டு வருடம் நிரம்ப ஒரு மாதம் இருக்கையில், புற்றுநோய் என்று மிஸ் கொழும்புக்குப் போனார். போகும்போது தன் தொலைபேசி இலக்கத்தைச் சுவரில் ஒட்டினார். "எலியளுக்கு ஏதும் எண்டா உடன போன் அடியுங்கோ. நான் ஆரையும் பிடிச்சு நிப்பாட்டுவன்."

அடுத்த கிழமை ஓர் அதிகாரி வந்தார். யாரோ பெரியவர்கள் பார்வையிட வருகிறார்களாம்.

"உந்தக் கிழட்டு எலியளை வைச்சு என்ன செய்யிறீர்? மணக்குது. நாளைக்குள்ள காலி பண்ணும். உம்மட நிரந்தர நியமனக் கடிதமும் என்ர மேசையிலதான் கிடக்கு."

கடைசி வசனத்தைச் சிரித்துக்கொண்டு சொன்னார். நானும் சிரித்தேன். மேலிடத்துச் சிரிப்புக்கு என் சிரிப்பு எப்போதும் ஒரு நொடிதான் பிந்தும். மறுநாள் காலை ஒவ்வொன்றாக எடுத்து, எலிகளைக் கொல்லும் வாயுப் பெட்டிக்குள் வைத்தேன். பெரியவர்கள் வந்து, வாசலில் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். எலிக்கூடத்துக்குள் ஒருவரும் காலெடுத்து வைக்கவில்லை. நியமனக் கடிதம் அடுத்த மாதம் வந்தது.

தலையில் துணி கட்டிக்கொண்டு திரும்பி வந்த மிஸ், வெறும் கூடுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்.

"ஏன் அண்ணை எனக்கு அடிக்கேல்லை?"

"அடிச்சனான் மிஸ். லைன் கிடைக்கேல்லை."

"ஓம், ஆசுப்பத்திரிக்குள்ள சிக்னல் குறைவுதான்" என்று என்னைத் தேற்றினார். "திரும்ப வளர்ப்பம். இரண்டு வருசம்தானே."

அந்த இரண்டு வருடம் அவருக்குக் கிடைக்கவில்லை. மருந்து அவர் உடம்பின் எதிர்ப்பைக் கரைத்துவிட்டது. "இப்ப நானும் பென்சன்காரிதான் அண்ணை, வலையெல்லாம் அறுந்துபோச்சு" என்று சிரிப்பார். என் மகளுக்கு வந்து மூன்றே நாளில் விட்டுப்போனது போன்ற ஒரு காய்ச்சல், அவரைக் கொண்டுபோய்விட்டது.

பீடத்து அஞ்சலிக் கூட்டத்தில் அந்த அதிகாரி, "ஆராய்ச்சிக்கே தன்னை அர்ப்பணித்தவர்" என்று பேசினார். பிறகு என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். படிப்பில்லாதவனையும் இருத்திக் கதைத்தவர் மிஸ் என்று சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அவர் கையால் எழுதி எலிக்கூடுகளில் தொங்கவிட்ட அட்டைகள் என்னிடம் இருக்கின்றன. பிறந்த திகதி எழுதியிருக்கிறார். இறந்த திகதிக்குரிய இடத்தை நான் நிரப்பவில்லை.

அதிகாரியைக் குறை சொல்வது சுலபம். அன்று ஒலிவாங்கிக்கு முன்னால் வாய்வரை வந்து நான் விழுங்கியது வேறு: மிஸ், நான் உங்களுக்கு அடிக்கவேயில்லை. அடிச்சா நீங்கள் நிப்பாட்டிப்போடுவியள் எண்டுதான் அடிக்கேல்லை.