இருபத்திரண்டுக்குப் பதினாறு

“செவ்வாய்க்கிழமை, காலை மணி 10.15. பாத்தீங்களா சார், நான் கிழமை, மணி எல்லாம் போட்டுட்டேன். நீங்கதான் வருசம் போடல. உங்களால நாங்க தோத்துட்டோம்.”

குளுவாங்கிலிருந்து வந்த கடிதம் இப்படித்தான் தொடங்குகிறது. எழுதியவர் செல்வராணி. மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருப்பவர். நாளிதழில் நான் எழுதும் இந்தப் பத்தியை வாராவாரம் வெட்டி ஃபைலில் சேர்ப்பவர்.

நடந்தது இதுதான். கோயில் மண்டபத்தில் பொது அறிவுப் போட்டி. கடைசிக் கேள்வி - நம் மலேசிய நாடாளுமன்ற மேலவையில் மாநிலங்கள் அனுப்பும் செனட்டர்கள் அதிகமா, மாமன்னர் நியமிக்கும் செனட்டர்கள் அதிகமா?

செல்வராணி மைக்கைப் பிடித்து, “மாநிலம்தான்! இருபத்திரண்டுக்குப் பதினாறு!” என்றிருக்கிறார்.

தவறு. கோப்பை மூவார் ஊர் அணியோடு பஸ் ஏறிவிட்டது.

அந்த எண்கள் என் பத்தியில் வந்தவை. உடனே ஃபோன் செய்தேன். “அக்கா, அது 1959-இல் மேலவை தொடங்கியபோது இருந்த கணக்கு...”

“அது உங்களுக்குத் தெரியும். எனக்கு எப்படி சார் தெரியும்? என் டீம்காரங்களே இப்ப கடைக்கு வந்து, ‘செனட்டரம்மா, இந்தக் கத்திரிக்கா எந்த வருசத்துது லா?’ன்னு கேக்கறாங்க!”

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

“கோப்பை வேணாம் சார். நான் சொந்தமா அடிச்சு விடலன்னு நீங்க எழுதணும். மண்டபத்து போர்டுல ஒட்டணும். எனக்கு அது போதும்.”

எழுதுகிறேன். செல்வராணி கதை கட்டவில்லை. ஆண்டைப் போட மறந்தது நான். தேதி போடாமல் மளிகைச் சீட்டுகூட எழுதாத நான்!

இதோ, ஆண்டுகளோடு. 1957-இன் அரசியலமைப்புச் சட்டம் மாநிலங்களின் குரலுக்காகவே மேலவையை அமைத்தது. குட்டி பெர்லிசுக்கும் இரண்டு பேர், நம் ஜொகூருக்கும் இரண்டு பேர். அந்தந்தச் சட்டமன்றமே தேர்ந்தெடுக்கும். பதினொரு மாநிலங்கள், இருபத்திரண்டு பேர். நியமனம் பதினாறுதான். 1963-இல் சபாவும் சரவாக்கும் சேர்ந்ததால், இன்று மாநிலங்களுக்கு இருபத்தாறு. நியமனமோ திருத்தத்துக்குத் திருத்தம் கூடிக் கூடி... நாற்பத்து நான்கு! விருந்து யாருக்காகவோ, அவர்களைவிட மற்றவர்கள் அதிகம். அதனால் என்ன, பந்தி நடக்கிறது.

கீரை வாங்கும்போது “இன்னைக்கு வந்ததா?” என்று கேட்காமல் வாங்குவோமா? எண்களை மட்டும் ஏன் கேட்காமல் வாங்கிக்கொள்கிறோம்?

எழுதியதை ஃபோனில் அவருக்கு வாசித்துக் காட்டினேன். “ஆங்... இது போதும் சார். கொஞ்சம் பெரிய எழுத்தா போடச் சொல்லுங்க” என்றார். குரலில் இப்போது சிரிப்பு இருந்தது. எனக்கும் அன்றைக்குக் கோப்பி நன்றாக இறங்கியது.

இன்னொன்று. மாநிலத்துக்கு மூன்று பேர் என்று உயர்த்தவும், நியமனங்களைக் குறைக்கவும், ஏன், அடியோடு எடுத்துவிடவும்கூட நாடாளுமன்றத்துக்கு அதே சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. யாராவது எப்போதாவது அதற்கு ஒரு மசோதா கொண்டுவந்தார்களா? என் குறிப்பேடுகளில் தடயமில்லை. அதனால் கொண்டுவரவில்லை என்றும் சொல்லமாட்டேன். இன்னும் உறுதியாகாத தகவல் இது.

செல்வராணி அக்கா, இதை மட்டும் மைக்கில் சொல்லிவிடாதீர்கள்!