மேஜர் மதினியின் கோடி வேட்டி

மேஜர் பேச்சியம்மாள் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் தென்காசி பேருந்து நிலையத்தில், இலத்தூர் பஸ்ஸை எதிர்பார்த்துச் சாரலில் நனைந்துகொண்டு நின்றேன். தென்காசியில் அவருடைய பக்கத்து வீட்டில் இருக்கும் ஜமீலாதான் போனில் கூப்பிட்டார். “டீச்சர், மேஜரம்மா எந்திரிக்கலை. காப்பியக் குடிச்சிட்டு நாற்காலியில சாஞ்சவங்க, சாஞ்ச வாக்குலயே இருக்காங்க. தொட்டுப் பாத்தேன், சில்லுன்னு இருக்கு” என்றார். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். சொன்ன நேரத்துக்கு வராதவர்களை மனிதர்களாகவே மதிக்காதவர், எனக்காக ஞாயிறு வரை பொறுக்கக் கூடாதா?

அவர் என் கணவர் சங்கரனுக்கு உடன்பிறந்த அக்கா. எனக்கு மதினி. ராணுவ ஆஸ்பத்திரிகளில் நர்ஸாகச் சேர்ந்து மேஜராக ஓய்வு பெற்றவர். முன்னாள் படைவீரர்களாகிய நீங்கள் நடத்தும் இந்தக் கூட்டத்தில் வாசிப்பதற்கு அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொன்னீர்கள். “சண்டை சச்சரவு எதுவும் வேண்டாம் டீச்சர்” என்றும் சொன்னீர்கள். மேஜர் மதினியைப் பற்றிச் சண்டை இல்லாமல் எழுதுவது உப்பில்லாமல் குழம்பு வைப்பது மாதிரி. என்னால் ஆகாது. உள்ளதை எழுதுகிறேன். வாசிக்க விருப்பமில்லாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், நானே மேடையேறி வாசித்துக்கொள்கிறேன்.

எங்கள் குடும்பத்து வழக்கம் ஒன்றை முதலில் சொல்ல வேண்டும். இலத்தூரில் வயலும் மாடுமாக இருந்த குடும்பம் இது. மதினியின் தாத்தா முதல் உலகப் போரில் பட்டாளத்தில் சேர்ந்து பஸ்ரா வரைக்கும் போனார். கப்பல் ஏறியவனை அப்படியே வீட்டுக்குள் விடக் கூடாது என்று ஊர்ப் பெரியவர்கள் மறித்திருக்கிறார்கள். “குற்றாலத்துல குளிச்சிட்டு வரட்டும்” என்று தீர்ப்பு. தாத்தா உடுத்தியிருந்த பட்டாளத்து உடுப்போடு பேரருவியில் நின்றார். அவருடைய அப்பா கோடி வேட்டியோடு அருவிக்கரைக்கே போய், நனைந்த மகனுக்குப் போர்த்திக் கூட்டிவந்தார். தண்டனையாக ஆரம்பித்தது, போகப் போகக் கௌரவமாகிவிட்டது. தாத்தாவுக்குப் பின் அவர் மகன், அதாவது மதினியின் அப்பா, நான் மாமா என்று கூப்பிடும் என் மாமனார், பர்மாச் சண்டையிலிருந்து வந்தபோதும் அப்படியே. எங்கள் வீட்டில் பட்டாளத்துக்குப் போனவன் லீவில் வந்தால் முதலில் அருவி, பிறகுதான் வீடு. வீட்டார் புது வேட்டியோடு அங்கே காத்திருக்க வேண்டும்.

மதினி முதல் லீவில் வந்தது வங்காளதேசப் போர் முடிந்த பிற்பாடு. என் கல்யாணத்துக்கு முந்தைய கதை இது. மாமா வாயாலும் மதினி வாயாலும் மாறி மாறிக் கேட்டிருக்கிறேன். இன்ன நாள் காலை குற்றாலத்தில் இருப்பேன் என்று தந்தி கொடுத்திருக்கிறார். வீட்டில் அதைப் படித்துவிட்டுச் சிரித்திருக்கிறார்கள். “பொம்பளப்பிள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்? நேரா வீட்டுக்கு வந்துருவா” என்று மாமாவே சொல்லியிருக்கிறார். மதினி ரயிலை விட்டு இறங்கி, டிரங்குப் பெட்டியோடு குற்றாலம் போய், பெண்கள் பக்கம் வெள்ளை உடுப்போடு அருவியில் நின்றார். வெளியே வந்து பார்த்தால் ஒருவரும் இல்லை. பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டார். காலை போய் மதியமாயிற்று. ஈர உடுப்பு மேலேயே காய்ந்தது. அது காய்ந்துவிட்டதே என்று திரும்பவும் போய் நனைந்துகொண்டு வந்து உட்கார்ந்தாராம்! டீக்கடைக்காரர் பாவப்பட்டு, “ஏம்மா, யாரும் வரலைன்னா பஸ்ஸப் பிடிச்சுப் போயேன்” என்றிருக்கிறார். “தந்தி குடுத்திருக்கேன்லா? வருவாங்க” என்பதுதான் பதில்.

குளிக்க வந்த இலத்தூர்க்காரர் யாரோ பார்த்துவிட்டுப் போய்ச் சொல்ல, மாமா அடித்துப் பிடித்துக்கொண்டு சைக்கிளில் வந்து சேர்ந்தார். கையில் சேலை இல்லை. மகனுக்கு என்றைக்காவது வேண்டியிருக்கும் என்று எடுத்து வைத்திருந்த கோடி வேட்டியைத்தான் அவசரத்தில் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். “ஏட்டி, நான் சண்டையில நின்னவன். நீ ஆஸ்பத்திரியில இருந்துல்லா வாறே, ஒனக்கு எதுக்கு அருவி?” என்றாராம். அதற்கு மதினி சொன்னதை மாமா சாகும் வரைக்கும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்: “ஒங்க கையில பட்டது சேறுப்பா. எங்கையில பட்டது ரத்தம். நம்ம ரெண்டு பேர்ல யாரு முதல்ல குளிக்கணும், நீங்களே சொல்லுங்க.” மாமா வேட்டியைப் பிரித்து மகளுக்குப் போர்த்தினார். அந்த வேட்டியோடேயே மதினி குற்றாலம் கடைவீதியில் நடந்தார். சனம் முழுக்க வேடிக்கை பார்த்தது. அதற்குப் பிறகு எத்தனையோ லீவு வந்தது. ஒரு தடவைகூட மாமா பிந்தவில்லை. மதினி ரயிலில் வரும்போதே அவர் அருவிக்கரையில் நிற்பார். வேறு வேட்டி வேண்டாம் என்று சொல்லி, அதே வேட்டியைத் துவைத்து மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டார் மதினி.

நான் கல்யாணமாகி வந்த புதிதில் நடந்தது அடுத்தது. என் கணவர் ராணுவத்தில் அப்போது நாயக் பதவியில் இருந்தார். பங்குனி மாதம் லீவில் வந்தார். அருவியில் தண்ணீர் இல்லை, பாறைதான் இருந்தது. ‘யார் பார்க்கப் போகிறார்கள்’ என்று ஊர்க்கிணற்றில் தலையை நனைத்துக்கொண்டு வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார். மதினியும் அப்போது லீவில் இருந்தார். நிலைப்படியில் குறுக்கே கையை வைத்துக்கொண்டு, “எங்கன குளிச்சே?” என்றார். இவர் முழித்தார். “அருவியில தண்ணி இல்லக்கா.” “அருவி லீவுல இருந்தா நீயும் லீவாலே? பாறையில ஒழுகுதுல்லா, அதச் செம்புல பிடிச்சு ஊத்து. போ!” ஆரத்தித் தட்டோடு நான் உள்ளே நிற்கிறேன். புதுப்பெண்டாட்டி முகத்தைக்கூடப் பார்க்காமல் மனிதர் திரும்பிப் போனார். சாயங்காலம்தான் வந்தார். எனக்கு மதினி மேல் அப்படி ஒரு ஆத்திரம். இவரானால், “வாசலுக்கு உள்ளதான்ட்டி அவ எனக்கு அக்கா. வெளிய மேஜரு” என்று சிரிக்கிறார். அப்போது அவர் மேஜர்கூட ஆகவில்லை, கேப்டன்தான்.

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று நம் ஊரில் கேட்காமல் விடுவார்களா? கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான். “பாக்க வந்தவன் எல்லாம் வேலைய விடச் சொன்னான். நான் அவன விட்டேன்.”

இனி கொம்பையா அத்தானுக்கு வருகிறேன். அவர் என் கணவரின் பெரியப்பா மகன். இலத்தூரில் அரிசி ஆலை வைத்திருந்தார். பட்டாள முகாமின் வாசல் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. ஆனால் குடும்பத்தில் மூத்த ஆண் என்பதால் பட்டாளத்துப் பெருமையை மேய்ப்பது அவர்தான். சில வருடம் முன்னால் எங்கள் சாமி கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஒரு பெரிய பிளெக்ஸ் வைத்தார். ‘போர்க்களம் கண்ட குடும்பம்’ என்று தலைப்பு. பஸ்ரா தாத்தா, பர்மா மாமா, என் கணவர், எல்லாரும் உடுப்போடு நிற்கிறார்கள். கீழே கொம்பையா அத்தான் கைகூப்பி வரவேற்கிறார். மேஜரைக் காணவில்லை. கேட்டதற்கு, “எடம் பத்தலைம்மா” என்றார். மதினி நேராக வீட்டுக்குப் போய்ப் பதக்கங்களை எல்லாம் சேலையில் குத்திக்கொண்டு வந்தார். ஒரு நாற்காலியை இழுத்துப் பிளெக்ஸுக்கு முன்னால், சரியாகக் கைகூப்பும் கொம்பையா அத்தானை மறைத்துப் போட்டு உட்கார்ந்தார். கொடை முடிகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. எடுத்த போட்டோ அத்தனையிலும் மேஜர் இருக்கிறார், வரவேற்றவரைக் காணோம். “எடம் பத்தலைன்னியே கொம்பையா. இந்தா, எவ்வளவு தாராளமா இருக்கு பாரு” என்றார். நான் சிரித்த சிரிப்பில் எனக்குப் புரையேறிவிட்டது.

போன வருடம் அந்தக் கொம்பையா அத்தானின் பேத்தியே ராணுவத்துக்குத் தேர்வானாள். வீட்டில் ஒப்பாரி வைக்காத குறை. ஜமீலா வீட்டிலிருந்து தெருக்கோடி வரைக்கும் அல்வா வாங்கிக் கொடுத்தது மதினி ஒருவர்தான். “அவ முதல் லீவுல வரும்போது நான் அருவியில நிப்பேன்ட்டி செல்வி. எவனும் வரலைன்னாலும் நிப்பேன்” என்று என்னிடம் சொன்னார். அந்தப் பேச்சில் வீராப்பு இருந்தது, கூடவே வேறொன்றும் இருந்தது. ஐம்பது வருடம் ஆகியும் அந்தப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்த பகல் அவருக்குள் ஆறவில்லை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

தென்காசி வீட்டிலிருந்து உடலை இலத்தூருக்குக் கொண்டுபோனோம். எங்கள் பக்கத்தில் இறந்தவரைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்து வருவதற்கு நீர்மாலை என்று பெயர். இப்போதெல்லாம் தெருக்குழாயிலேயே முடித்துவிடுகிறார்கள். எங்கள் குடும்பத்தில் மட்டும் பட்டாளத்தில் இருந்தவர்களுக்குக் குற்றாலத்துத் தண்ணீர்தான். கடைசி லீவு அல்லவா? அருவி படாமல் அனுப்பக் கூடாது. மாமா இறந்தபோது அந்தக் குடத்தைத் தம்பியோடு சேர்ந்து சுமந்து வந்தவர் மேஜர் மதினி. ஆனால் அவருடைய முறை வந்தபோது கொம்பையா அத்தான் பந்தலில் நின்றுகொண்டு சொல்கிறார்: “பிள்ளை குட்டி இல்லாதவ. அதுவும் பொம்பளை. குழாயத் தொறந்து ரெண்டு குடம் பிடிங்க, போதும். அருவியில வெள்ளம் போவுது, போலீசு தடை போட்டிருக்கு. அங்கன போயி என்ன செய்யப் போறீக?”

என் கணவர் முட்டுவலியோடு எழுந்திருக்கத் தடுமாறினார். நான் குடத்தை எடுத்துக்கொண்டேன். “அத்தான், நாங்க வாறதுக்குள்ள எங்க மதினி மேல ஒரு சொட்டுக் குழாத்தண்ணி பட்டிச்சுன்னா, இந்தப் பந்தல்ல நடக்குத எதுக்கும் நான் பொறுப்பில்ல” என்றேன். முப்பது வருடம் வகுப்பறையில் கத்திய தொண்டை இது. தெருவே திரும்பிப் பார்த்தது. இவரைக் கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினேன்.

பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவையும் தாண்டி விழுந்துகொண்டிருந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரையும் விடவில்லை. காவலுக்கு ஒரு பெண் போலீஸ் நின்றாள். “குளிக்கத் தடைம்மா, போங்க” என்றாள். விஷயத்தைச் சொன்னேன். மேஜர் என்றதும், “லேடி மேஜரா? நம்ம இலத்தூர்லயா?” என்று கேட்டாள். பிறகு தடுப்பைக் கொஞ்சம் நகர்த்தி, “குளிக்கத்தான தடை. தண்ணி மோந்துட்டுப் போறதுக்கு யாரு தடை போட்டா? படியில நின்னுக்கிடுங்க, நான் எடுத்துத் தாரேன்” என்று குடத்தை வாங்கிக்கொண்டு போனாள். நிரம்பிய குடத்தோடு தொப்பலாக நனைந்து திரும்பி வந்தாள். என் கணவர் அதைத் தோளில் வாங்கும்போதுதான் முதல்முறையாக அழுதார். “அன்னைக்கு நம்ம யாருமே வரலையேட்டி, பாவம், ஒத்தையில உக்காந்திருந்திருக்கா” என்று அந்தச் சாரலில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அந்தத் தண்ணீரில்தான் மதினியைக் குளிப்பாட்டினோம். கொம்பையா அத்தான் வீட்டிலிருந்து இறந்தவருக்கு உடுத்தும் கோடியாகப் பட்டுச்சேலை வந்திருந்தது. உடுத்திவிட்டேன், குறை சொல்லக் கூடாது, நல்ல சேலை. அதற்கு மேலே, டிரங்குப் பெட்டியிலிருந்து அந்தப் பழைய வேட்டியை எடுத்து வந்து, மாமா போர்த்தின மாதிரியே போர்த்தினேன். “பொம்பளைப் பொணத்துக்கு வேட்டியா?” என்று யாரோ முணுமுணுத்தார்கள். யார் என்று திரும்பிப் பார்த்தேன். கூட்டம் ஓரடி பின்னால் நகர்ந்தது. சுடுகாட்டில் அதை எடுத்துவிடலாமா என்று கேட்டபோது, “அது அவ உடுப்பு, இருக்கட்டும்” என்றார் என் கணவர். வேட்டி அவரோடேயே போயிற்று.

அதனால் அவருடைய பொருள் என்று என்னிடம் எதுவும் மிஞ்சவில்லை. பதக்கங்கள் அவர் தம்பியிடம், அதாவது என் கணவரிடம், இருக்கின்றன. பெட்டியை ஜமீலா கேட்டு வாங்கிக்கொண்டார். எனக்கு அவர் விட்டுப்போனது ஒரு வேலை.

கொம்பையா அத்தானின் பேத்தி பயிற்சி முடித்து அடுத்த மாதம் முதல் லீவில் வருகிறாள். குற்றாலத்தில் இறங்கப் போகும் நாளையும் நேரத்தையும் வீட்டுக்குச் சொல்லியிருக்கிறாள். அத்தான் இன்னும் பதில் சொல்லவில்லையாம். அவர் வரட்டும், வராமல் இருக்கட்டும். அந்தப் பிள்ளை அருவியை விட்டு வெளியே வந்து சுற்றிப் பார்க்கும்போது நான் அங்கே நிற்பேன்.

நேற்றுத் தென்காசியில் ஜவுளிக்கடைக்குப் போய் நல்ல கோடி வேட்டியாக ஒன்று எடுக்கச் சொன்னேன். கடைக்கார பாய் பிரித்துக் காட்டிக்கொண்டே, “சாருக்கா டீச்சர்?” என்று கேட்டார்.

“இல்ல பாய்” என்றேன். “கொம்பையா அத்தான் பேத்திக்கு.”