சாப்பிடும்போது போட வேண்டிய மாத்திரை

என் அக்கா புருஷனை ஆலையில் எல்லோரும் 'கரண்டி' என்றுதான் கூப்பிடுவார்கள். துணி ஆலை கேன்டீனில் இருநூற்றைம்பது பேருக்குச் சமைப்பவர். மூன்று வருஷமாக வாரத்தில் மூன்று சாயங்காலம் டயாலிசிஸ். என் டாக்ஸியில்தான் கொண்டுபோய் விடுவேன். ஏறியதிலிருந்து இறங்கும்வரை நான் வண்டி ஓட்டுவதைக் குறை சொல்லிக்கொண்டே வருவார். அதற்கு மட்டும் தெம்பு குறையாது.

மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவர்கள் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. அதற்குத்தான் ஆபத்து வந்தது. ரத்தத்தில் பாஸ்பரஸ் மூன்று மாதமாக எகிறுகிறது என்றார் டாக்டர் அம்மா.

"இருக்கற மாத்திரையையே ஒழுங்காப் போடாதவர் புதுக் கிட்னியை எப்படிக் காப்பாத்துவார்னு கமிட்டியில கேப்பாங்க. அடுத்த மாசமும் இப்படியே இருந்தா பேரை நிறுத்தி வெச்சிடுவாங்க. சாப்பாட்டுல இருக்கற பாஸ்பரஸ் ரத்தத்துல சேராமத் தடுக்கத்தான் அந்த மாத்திரை. சாப்பிடும்போது போடறீங்களா, இல்லையா?"

"சாப்பிடும்போதெல்லாம் தவறாமப் போடறேம்மா," என்றார் அத்தான்.

வீட்டில் அக்கா மாத்திரை டப்பாவைக் கவிழ்த்தாள். மூன்றில் இரண்டு பங்கு அப்படியே கிடந்தது. "நான் உங்களுக்கு என்ன குறை வெச்சேன்?" என்று ஆரம்பித்தவள் முடிக்க முடியாமல் அழுதாள். அவர் திருதிருவென்று விழித்தார். எனக்கு அவரை நாலு அறை விடலாம் போலிருந்தது.

மறுநாள் விடிந்ததும் கேன்டீன் அடுப்படியில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டாமா? அத்தான் சூப்பில் ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டார், பருப்பில் ஒன்று, வெந்ததா என்று ஒரு பிடி சோறு, காயில் கொஞ்சம், மறுபடி சூப். மதியத்துக்குள் ஓர் ஆள் சாப்பாடு உள்ளே போயிருந்தது.

"அத்தான், மாத்திரை?"

"இன்னும் சாப்பிடலையேடா."

"அப்ப இவ்வளவு நேரம் என்ன பண்ணினீங்க?"

"ருசி பார்த்தேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். இருபத்திரண்டு வருஷமாக வேலை நேரத்தில் அவர் தட்டுப் போட்டு உட்கார்ந்ததே இல்லை. ராத்திரி வீட்டில் சாப்பிடுவது ஒன்றுதான் அவரைப் பொறுத்தவரை சாப்பாடு. அதற்கு ஒரு மாத்திரை. மனுஷன் சொன்னது அத்தனையும் சத்தியம்.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். நர்ஸ் முதலில் சிரித்தார், பிறகு கண்டிப்பாகச் சொன்னார்: ருசி பார்க்க வேறு ஆள் வையுங்கள், அவர் வேளைக்குத் தட்டில் சாப்பிடட்டும், நடுவில் மாத்திரை. கேன்டீனில் பாத்திரம் தேய்க்கிற அம்மா ருசி பார்க்கும் வேலையை ஏற்றுக்கொண்டார். அத்தானோ, சமைக்கிறவன் போய்ப் பந்தியில் உட்காருவதாவது என்று கூச்சப்பட்டார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

அடுப்படியை விட்டுச் சாப்பாட்டு ஹால் பக்கமே வராதவர், உள்ளே நுழைந்ததும் நின்றுவிட்டார். ஒவ்வொரு மேஜையிலும் உப்பு. ஜாம் பாட்டிலில், பழைய மருந்துப் புட்டியில், காகிதப் பொட்டலத்தில்.

"யார் வெச்சது இது? என் சமையல்ல உப்பில்லையா?" சமையல்காரனுக்கு இதைவிட என்ன அவமானம்?

"கோவிச்சுக்காதீங்கண்ணே," என்றார் பாத்திரம் தேய்க்கிற அம்மா. "உங்களுக்குப் பத்தியம் வந்த நாள்ல இருந்து உங்க கையே உப்பைக் குறைச்சிடுச்சு. சொன்னா எங்களுக்காக அள்ளிப் போட்டு, நீங்களும் அதையே ருசி பார்ப்பீங்க. உங்களுக்கு ஆகாதே. அதான் மூணு வருஷமா ஆளுக்குக் கொஞ்சம் வீட்ல இருந்து கொண்டாந்து போட்டுக்கறோம்."

அவர் உட்கார்ந்தார். பாதிச் சாப்பாட்டில் சட்டைப் பையிலிருந்து மாத்திரையை எடுத்து மென்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான், மறைப்பானேன்.

"இத்தனை பேர் எனக்காக வாயைத் திறக்காம இருந்திருக்காங்க," என்றார். "ஒரு மாத்திரைக்கு வாயைத் திறக்க எனக்கு என்னடா கேடு?"

மாதக் கடைசியில் பாஸ்பரஸ் இறங்கிவிட்டது. பெயர் பட்டியலிலேயே இருக்கும் என்று டாக்டர் அம்மா சொன்னதும், அக்காவுக்குப் போன் பண்ணலாம் என்றேன்.

"வண்டியிலேயே பேசிக்கலாம். ஷிப்ட் விடறதுக்குள்ள ஆலைக்கு விடு," என்றார். "காலையிலிருந்து எல்லாரும் இந்தச் சேதிக்குத்தான் காத்துக்கிட்டிருப்பாங்க."