கேங்குக்குத் தண்ணீர்

சான் ரமோன் பூங்காவில் ஒரு கோடைகாலம் முழுவதும் அவரோடு நடந்தேன், பெயர் கேட்டுக்கொள்ளவில்லை. ரயில்வேயில் தண்டவாளம் பராமரிக்கும் தொழிலாளர் குழுவை, அவர் பேச்சில் ‘கேங்’கை, மேற்பார்த்து ஓய்வு பெற்றவர், மகன் வீட்டுக்கு ஆறு மாதம் தங்க ஊரிலிருந்து வந்திருந்தார். மெலிந்த, வெயில் குடித்த உடம்பு. நடந்துகொண்டே இருப்பவர் திடீரென்று குனிந்து, ஒரு கண்ணை மூடி, நடைபாதையின் ஓரம் நேராக ஓடுகிறதா என்று பார்ப்பார்.

வரலாறு கற்பித்து ஓய்வு பெற்ற நான் எழுதிவந்த புத்தகத்தைப் பற்றி ஒருநாள் விசாரித்தார். நூறாண்டுகளுக்கு முன் மாயா பழங்குடி மக்களின் எதிர்ப்பை அடக்க, மெக்சிகோ ராணுவம் கைதிகளைக் கொண்டு காட்டுக்குள் போட்ட இரண்டடி அகல ரயில்பாதையின் கதை அது. தண்டவாளத்துக்கு அடியில் போட்ட ஸ்லீப்பர் கட்டை ஒவ்வொன்றுக்கும் ஓர் உயிர் போனதாகச் சொல்வார்கள். அத்தியாயங்களை முதலில் படிக்கும் என் மனைவி மறைந்தபின் நான் அதைத் திறக்கவே இல்லை.

“ரெண்டடியா? பொம்மை ரயில் சார் அது!” என்று சிரித்தவர், சட்டென்று நின்றார். “அந்த வெயில்ல கேங்குக்குத் தண்ணி யாரு சார் கொண்டு போனா?”

“ரெக்கார்ட்ஸ்ல எதுவும் இல்லைங்க.”

“என்ன சார், புரொபசர் நீங்க! தண்ணி வரலைன்னா மத்தியானத்துக்கு மேல ஒருத்தனும் சம்மட்டி தூக்க மாட்டான். அதைத்தானே முதல்ல செக் பண்ணணும்?”

அன்று மாலை கையெழுத்துப் பிரதியைத் திறந்தேன். கைதிகளின் சாவைச் சொல்லும் பக்கத்தின் ஓரத்தில் என் மனைவி பென்சிலால் எழுதியிருந்தாள்: ‘இவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர்?’ சான்றில்லாத கேள்வி என்று, அவள் இருந்தபோது அந்தப் பக்கத்தைப் புரட்டிப் போனவன் நான்.

அவர் ஊர் திரும்பிவிட்டார். அந்தப் பக்கத்தில் இன்னும் ஒரு வரிகூட நான் சேர்க்கவில்லை. மேசைமேல் அது திறந்தே கிடக்கிறது.