மாயவன் அணைக்காத கம்ப்யூட்டர்

சைக்கிள் பம்பின் மூக்கைக் கம்ப்யூட்டருக்குள் நுழைத்து மாயவன் காற்றடித்தார். மகள் கவிப்பிரியா டார்ச் பிடித்தாள். பறந்த தூசியெல்லாம் அவர் மீசையில் படிந்தது.

"மூஞ்சிக்கு லைட்டு அடிக்காத பாப்பா, மிஷினுக்கு அடி."

மூடியை மாட்டி மறுபடி ஓடவிட்டார். சற்றுக் கழித்து, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் அதன் முதுகில் புறங்கையை வைத்துப் பார்த்தார். இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை அது. அந்த வாரமே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் செல்போன் ரிப்பேர் கடை அவருக்கு. டீயை ஆற வைத்துவிட்டு மறந்துபோவார். பழைய போனைத் தூக்கிப் போடச் சொல்கிறவர்களிடம், "உம் மாமியார எப்ப தூக்கிப் போடப் போற?" என்பார். கடை மூலையில் அந்தக் கம்ப்யூட்டர் எந்நேரமும் ஓடும். பழைய டிஜிட்டல் காசு ஒன்றின் நிரலை அதில் ஏற்றிக் கொடுத்தவள், கணினிப் பொறியாளரான கவிப்பிரியா. அந்தக் காசுக்கு முதலாளி கிடையாது. அதன் வரவுசெலவுக் கணக்கை வைத்துக்கொண்டு உலகெங்கும் அப்படி ஓடுகிற கம்ப்யூட்டர்கள்தான் அதற்கு உயிர்.

பிறகு ஒரு பிரிவினை வந்தது. விதியை மாற்றவேண்டும் என்றவர்கள் அதே நிரலையும் அதுவரையிலான கணக்கையும் நகலெடுத்துப் புதுக்காசு தொடங்கினார்கள். பழைய விதியே போதும் என்றவர்கள் தங்கள் மிஷினை அணைக்கவில்லை. பழசு பிழைத்தது இதனால்தான். நிரலை ஒரு மணி நேரத்தில் நகலெடுக்கலாம். அணைக்க மறுக்கும் ஆட்களை நகலெடுக்க முடியாது. பழசு வைத்திருந்தவர் கணக்கில் புதுசும் தானாகவே சேர்ந்தது. யாரும் யாரிடமும் எதையும் ஒப்படைக்க வேண்டியதில்லை.

இதைத்தான், அரூரில் புதுக்காசுக்கு ஆள் பிடித்த சின்னராஜ் மறைத்தான். கல்யாண மண்டபம் பிடித்து, பிரியாணி போட்டு, "பழசு பொங்கலுக்குள்ள செத்துருமுங்க. சாவிச்சொல்லக் குடுங்க, புதுசா மாத்தித் தரோம்" என்றான். காசைத் திறக்கும் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள் அவை. கொடுத்தால் பழசும் போகும், புதுசும் போகும்.

மாயவன் எச்சில் கையோடு எழுந்து நின்றார்.

"ஏன்டா சின்னராஜு, தருமபுரியிலேருந்து கிருஷ்ணகிரி பிரிஞ்சி போச்சி. தருமபுரி செத்தா போச்சி?"

"அது வேறங்க மாமா."

"என்னா வேற? அதுக்கு முன்ன நாமளே சேலத்துலேருந்து பிரிஞ்சி வந்தவங்கதான். சேலத்துக்குத் தெனம் பஸ் போவுதா இல்லியா?"

"மாமாவுக்கு இன்னொரு முட்ட வைங்கப்பா!" என்றான் சின்னராஜ். மண்டபமே சிரித்தது.

அந்தச் சின்னராஜ்தான் சாவுக்கு ரோஜா மாலையோடு வந்தான். "கடையில ஓடற மிஷின அணைச்சிருங்க பாப்பா, கரண்டு தண்டம். பாவம், செத்த காசக் கட்டிக்கிட்டு அழுதாரு மாமா" என்றான்.

"செத்த காசுக்கு நீங்க எதுக்குங்க மண்டபம் புடிச்சி பிரியாணி போட்டீங்க?" என்று கேட்டாள் கவிப்பிரியா.

அவன் தன் செருப்பைத் தேடப் போனான்.

மாயவனுக்கு ஒரு வேலை பாக்கியிருந்தது. சித்தேரி மலையில் புளி வியாபாரம் செய்யும் கண்ணம்மாள், அவர் பேச்சை நம்பிப் பழைய காசு வாங்கியவள். வெள்ளிக்கிழமை சின்னராஜின் ஆட்கள் அவள் வீட்டுக்குப் போவதாக இருந்தார்கள். அவள் போனோ ரிப்பேருக்கு வந்து கடையிலேயே கிடந்தது. "குடுக்காதன்னு நேர்ல போயித்தான் சொல்லணும் பாப்பா. இங்கிலீசு தெரியாதவ. யாரு கேட்டாலும் சாவிச்சொல்லு எழுதுன சீட்ட எடுத்து நீட்டிருவா" என்று, அன்று பம்பின் குழாயைச் சுருட்டி வைத்தபடி சொல்லியிருந்தார்.

கருமாதி முடியாமல் பெண் வெளியூர் போகக் கூடாது என்றார்கள் உறவினர்கள். வெள்ளிக்கிழமை கருமாதிக்காகக் காத்திருக்காது.

வியாழன் காலை கவிப்பிரியா கடையைத் திறந்தாள். ஆணியில் அவருடைய மஞ்சள் பை தொங்கியது. உள்ளே கண்ணம்மாளின் போன், சரிசெய்து, ரப்பர் பேண்ட் போட்டு. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மூலைக்குப் போனாள். கம்ப்யூட்டரின் முதுகில் புறங்கையை வைத்தாள். சூடாக இருந்தது. அப்படியே ஓடவிட்டு ஷட்டரை இறக்கினாள். பஸ் ஸ்டாண்டில் சித்தேரி பஸ் உறுமிக்கொண்டு நின்றது.