பிடிக்க ஆளில்லாத ரெய்டு

பிளஸ்ஸிக்கு ராஜபாளையத்தில் நூல்மில் வேலை. மற்ற நேரமெல்லாம் கபடி. ஊர் ஊராகப் போய்ச் சம்பளத்துக்கு ஆடும் பெண்கள் அணி ஒன்று அங்கே உண்டு. காலனித் தெருவிலிருந்து அதற்குள் போன முதல் ஆள் அவள்தான். எதிரணிக் களத்துக்குள் ரெய்டு போனால் புள்ளி எடுக்காமல் திரும்புவது அபூர்வம். அதனால் கோச் வேல்பாண்டி அவளைத்தான் முதலில் அனுப்புவார்.

போன வைகாசியில் தளவாய்புரம் தாண்டி ஒரு கிராமத்தில் கோயில் கொடைக்குப் போட்டி. ஜெர்சி மாற்றி நின்றவளிடம் விழாக் கமிட்டிக்காரர் வந்தார்.

"நல்லா ஆடுதியாமே. எந்தத் தெருப் பிள்ள நீ?"

பொய் சொல்லியிருக்கலாம். பெயரை வைத்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. அவள் உள்ளதைச் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

விசில் ஊதியதும் பிளஸ்ஸி கபடி பாடிக்கொண்டு கோட்டைத் தாண்டினாள். எதிரே உள்ளூர்ப் பெண்கள். வெளியிலிருந்து ஒரு குரல் அதட்டியது: "அவள யாரும் பிடிக்கக் கூடாது. எல்லாரும் வெளிய வாங்க."

ஒவ்வொருத்தியாக வெளியேறினார்கள். கடைசியாக நின்ற மாரிக்கனி, "எனக்கு ஒண்ணுமில்லக்கா. அப்பா நிக்காரு," என்று முணுமுணுத்துவிட்டு அவளும் போனாள்.

பிளஸ்ஸி பாட்டை நிறுத்தவில்லை. மூச்சு தீரும்வரை அந்த வெறுங்களத்தில் நின்றாள்.

அவள் வெளியே இருந்தால்தான் ஆட்டம் நடக்கும் என்று கமிட்டி சொல்லிவிட்டது. வேல்பாண்டி அவளை ஓரமாகக் கூட்டிப்போனார்.

"இந்த ஒரு ஆட்டம் உக்காரு தாயி. சுத்தி ஊரே நிக்கி. அம்புட்டுப் பிள்ளைகளையும் பத்திரமா வீடு சேக்கணும்."

"நான் என்ன சார் தப்பு பண்ணேன்?"

"ஜெர்சியக் கழட்டாண்டாம்," என்று மட்டும் சொன்னார்.

கூட ஆடும் அய்யம்மாள் வந்து, "நானும் ஆடலட்டி," என்றாள்.

"ஆள் கொறஞ்சா தோத்துருவோம். நீ போ," என்று பிளஸ்ஸியே அனுப்பிவைத்தாள்.

அணி ஜெயித்தது. மைக்கில் கைதட்டச் சொன்னபோது அவளும் தட்டினாள். வேனில் யாரோ பாட்டுப் போட்டு, உடனே அணைத்தார்கள்.

வேல்பாண்டி கபடிச் சங்கத்தில் முறையிட்டார். விசாரிக்கிறோம் என்றார்கள். அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை.

இப்போது டவுன் ஆட்டங்களில் முதல் ரெய்டு அவளுடையதுதான். கிராமத்து ஆட்டம் என்றால் வேன் அவள் தெருப்பக்கம் வருவதில்லை. வரவேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை. மற்றவர்களின் ஸ்டேட்டஸில் படம் பார்த்துத்தான் ஆட்டம் நடந்ததைத் தெரிந்துகொள்வாள்.

போன ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் படம் பார்த்தாள். பிறகு ஷூவை எடுத்துக்கொண்டு பயிற்சிக்குக் கிளம்பினாள்.

"இன்னும் எதுக்குப் போற?" என்று அம்மா செலினா கேட்டாள்.

"வேற எங்கம்மா போய் ஆட?" என்றாள் பிளஸ்ஸி.